அருவிக்கரை ஓட்டலில் ஓர் இரவு

அதிகாலை. வெயில் இன்னும் ஏறவில்லை. மரங்களுக்கு மேலே வெண்புகை போல நீர்த்திவலை எழும்பி நிற்கிறது.

ரோஜா நிறத்தில் ஒரு மாளிகை. வெள்ளை ஜன்னல்கள். சுற்றிலும் அடர்ந்த காடு. மாளிகையின் வாசலில் இருந்து ஒரு கணவனும் மனைவியும் இறங்கி வருகிறார்கள். புல்வெளியைத் தாண்டுகிறார்கள். சாலையைத் தாண்டுகிறார்கள். அவ்வளவுதான் தூரம்!

எதிரே, பள்ளத்தாக்கு முழுவதும் அருவி. ஒன்றல்ல, இரண்டல்ல, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை அருவிகள்.

சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். வேறு ஆள் இல்லை. கூச்சல் இல்லை. போட்டோ பிடிக்க முண்டியடிக்கும் கூட்டம் இல்லை. தண்ணீரின் இரைச்சல் மட்டும்தான்.

இந்த ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு இப்படி ஒரு காலைப் பொழுது தினமும் கிடைக்கிறது. இடம்: தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாடு. அருவியின் பெயர் இகுவாசு. ஓட்டலின் பெயர் "ஓட்டல் தாஸ் கட்டராட்டாஸ்". "அருவிகளின் ஓட்டல்" என்று அர்த்தம்.

இந்தக் காலைப் பொழுதுக்கு விலை உண்டு. சின்ன விலை அல்ல! இங்கே ஓர் இரவு தங்கும் பணத்தில், பக்கத்து ஊரில் உள்ள சாதாரண ஓட்டலில் ஒரு வாரம் தங்கிவிடலாம்.

ஒரே ஓர் இரவுக்கு இவ்வளவு செலவா? இது வீண் ஆடம்பரமா? அல்லது, வாழ்நாளில் ஒரு முறை செய்யத்தக்க செலவா?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், முதலில் அருவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு, அதற்காகக் குதிரை ஏறிப் போன ஒரு மனிதரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

275 அருவிகள்!

பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் எல்லையாக ஓடுகிறது, இகுவாசு ஆறு. "இகுவாசு" என்றால், அந்தப் பகுதிப் பழங்குடி மக்களின் மொழியில் "பெருந்தண்ணீர்" என்று பொருள். பொருத்தமான பெயர்தான்!

கிழக்கே மலைப்பக்கம் பிறந்து, சுமார் 1,300 கிலோமீட்டர் தூரம் மேற்கு நோக்கி ஓடி வருகிறது இந்த ஆறு. பரானா என்ற பெரிய ஆற்றோடு கலப்பதற்குச் சற்று முன்னால், திடீரென்று அதன் காலடியில் தரை இல்லாமல் போகிறது!

சுமார் 2.7 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆறு அப்படியே கீழே விழுகிறது. நடுநடுவே பாறைகளும் காடு அடர்ந்த சிறு தீவுகளும் இருப்பதால், தண்ணீர் பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. அப்படி விழும் அருவிகளின் எண்ணிக்கை சுமார் 275. மழை பெய்து தண்ணீர் கூடினால் பல அருவிகள் ஒன்றாகிவிடும். தண்ணீர் குறைந்தால் ஒன்று பலவாகப் பிரியும்.

இவற்றில் மிகப் பெரியது, "சாத்தானின் தொண்டை" என்ற அருவி. குதிரை லாடம் போல் வளைந்த ஒரு பிளவு. அதற்குள் மூன்று பக்கமும் இருந்து தண்ணீர் கொட்டுகிறது. உயரம் சுமார் 80 மீட்டர். அதாவது, 25 மாடிக் கட்டிடத்தின் உச்சியில் இருந்து ஓர் ஆறு குதிப்பது போல!

சாதாரண நாளில் வினாடிக்குச் சுமார் 15 லட்சம் லிட்டர் தண்ணீர் இங்கே விழுகிறது. 2014-ம் ஆண்டு ஜூன் மாதம் பெருவெள்ளம் வந்தது. அப்போது விழுந்த தண்ணீர், வினாடிக்கு 4 கோடியே 57 லட்சம் லிட்டர். வழக்கத்தைப் போல் 30 மடங்கு! 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதமும் வெள்ளம் புரண்டது. அருவிக்கு அருகே போகும் நடைபாலத்தை மூட வேண்டியதாயிற்று.

எரிமலை கட்டிய படிக்கட்டு

இத்தனை பெரிய அருவி எப்படி உண்டாயிற்று?

சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்த இடத்தில் பூமி வெடித்து நெருப்புக் குழம்பு வழிந்தது. ஒரு முறை அல்ல. திரும்பத் திரும்ப வழிந்தது. வழிந்த குழம்பு ஆறி, அடுக்கு அடுக்காகக் கரும்பாறை ஆயிற்று. ஆறு அந்த அடுக்குகளை அரித்தது. மென்மையான இடம் கரைந்தது. கடினமான இடம் நின்றது. அதனால்தான் பல அருவிகள் படிக்கட்டில் இறங்குவது போல, ஒரு தட்டில் விழுந்து, அங்கிருந்து மறு தட்டில் விழுகின்றன.

பழங்குடி மக்கள் இதற்கு வேறு காரணம் சொல்கிறார்கள்.

நைப்பி என்று ஓர் அழகி. அவளைப் பாம்புத் தெய்வத்துக்குக் காணிக்கையாக்க முடிவு செய்திருந்தார்கள். ஆனால் டரோபா என்ற வீரன் அவள் மீது காதல் கொண்டான். இருவரும் இரவோடு இரவாகப் படகில் ஏறித் தப்பி ஓடினார்கள். பாம்புத் தெய்வத்துக்குக் கோபம் பொங்கியது. அது பூமிக்குள் புகுந்து உடலை முறுக்கியது. ஆறு பிளந்தது! படகு பாதாளத்தில் விழுந்தது.

நைப்பி அருவியின் அடியில் பாறை ஆனாள். டரோபா அருவியின் விளிம்பில் பனை மரம் ஆனான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், தொட முடியாது. வானவில் தோன்றும்போது மட்டும் இருவரும் சேருகிறார்கள் என்பது கதை.

அருவிக்குச் சொந்தக்காரர்!

இனி, குதிரையில் போனவரின் கதை. இது கற்பனை அல்ல. உண்மையில் நடந்தது.

1916-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். அர்ஜென்டினா பக்கத்தில் அருவியைப் பார்க்க ஒரு பிரபலம் வந்தார். பெயர் ஆல்பர்ட்டோ சான்டோஸ் டூமான்ட். அப்போது அவருக்கு வயது 42.

அந்தக் காலத்தில் அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பிரேசிலில் ஒரு காப்பித் தோட்ட முதலாளியின் மகன். 1901-ம் ஆண்டு, பாரிஸ் நகரில், தானே செய்த ஆகாயக் கப்பலில் ஏறி ஐபெல் கோபுரத்தைச் சுற்றி வந்தார். அதற்காக ஒரு லட்சம் பிராங்க் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. தன் தொழிலாளிகளுக்கும் பாரிஸ் நகரத்து ஏழைகளுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார்!

1906-ம் ஆண்டு அதே பாரிசில், ஊரே கூடி நின்று பார்க்க, விமானத்தில் பறந்து காட்டினார். அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் 1903-ம் ஆண்டிலேயே பறந்துவிட்டார்கள். ஆனாலும் பிரேசில் மக்களுக்கு இன்றும் "விமானத்தின் தந்தை" இவர்தான்.

இப்படிப்பட்டவர் அக்கரைக்கு வந்திருக்கிறார் என்ற செய்தி, பிரேசில் பக்கத்து ஊரில் ஓட்டல் நடத்திய பிரெடரிக்கோ எங்கல் என்பவர் காதில் விழுந்தது. "நம் நாட்டுக்காரர், நம் பக்கத்தில் இருந்து அருவியைப் பார்க்காமல் போவதா?" என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் விருந்தினரை அழைத்து வந்தார். தங்க இடம் கொடுத்தார். அருவிக்கும் கூட்டிப் போனார்.

சான்டோஸ் டூமான்ட் பார்த்தார். மெய்மறந்து நின்றார்.

அப்போது அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தது. பிரேசில் பக்கத்தில் அருவியை ஒட்டியுள்ள நிலம் முழுவதும் ஒரு தனி மனிதருக்குச் சொந்தம்!

நிலம் அவருடையது என்றால், வேலி போட்டால் போட்டதுதான். உள்ளே விடுவதும் விடாததும் அவர் இஷ்டம்.

இது சான்டோஸ் டூமான்டுக்குப் பொறுக்கவில்லை. இப்படிப்பட்ட அதிசயம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு ஊர் திரும்பவில்லை. மாநில அரசின் தலைவரை நேரில் பார்த்துக் கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

ஆறு நாள் குதிரைப் பயணம்

மாநிலத் தலைநகரம் குரிட்டிபா. அது கிழக்கே வெகு தூரத்தில் இருந்தது. அந்த நாளில் அங்கே போக நல்ல சாலை இல்லை. ரெயில் இல்லை. நடுவே பெருங்காடு.

வானத்தில் பறந்து உலகப் புகழ் பெற்ற அந்த மனிதர், ஒரு குதிரை மீது ஏறினார்! தந்திக் கம்பி போன காட்டுப் பாதையைப் பிடித்துக்கொண்டு, சுமார் 300 கிலோமீட்டர் தூரம், 6 நாள் பயணம் செய்து குவாரபுவாவா என்ற ஊரை அடைந்தார். அதன் பிறகே காரும் ரெயிலும் கிடைத்தன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இகுவாசு ஆறு பிறப்பதே குரிட்டிபா நகரத்துக்குப் பக்கத்தில்தான். ஆறு எங்கிருந்து வந்ததோ, அங்கேயே போனார், அந்த ஆற்றுக்காகப் பேச!

மே மாதம் மாநிலத் தலைவர் அபோன்சோ கமார்கோவைச் சந்தித்தார். அருவி நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்.

அவர் கேட்டது வீண் போகவில்லை. 1916-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி உத்தரவு பிறந்தது. அருவியை ஒட்டிய சுமார் 2,500 ஏக்கர் நிலம் பொது நன்மைக்கு உரியது என்று அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் பார்த்தார், ஜூலையில் முடிந்தது!

1934-ம் ஆண்டு அர்ஜென்டினா தன் பக்கத்தில் தேசியப் பூங்கா அமைத்தது. 1939-ம் ஆண்டு பிரேசிலும் தன் பக்கத்தைத் தேசியப் பூங்கா ஆக்கியது. பின்னாளில், 1984-ம் ஆண்டு அர்ஜென்டினாவின் பூங்காவையும், 1986-ம் ஆண்டு பிரேசிலின் பூங்காவையும் உலகப் பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது.

ரோஜா நிற மாளிகை

1958-ம் ஆண்டு, பிரேசில் பூங்காவுக்குள் அந்த ரோஜா நிற ஓட்டல் திறக்கப்பட்டது. போர்ச்சுக்கீசியர் ஆண்ட காலத்து மாளிகைகளைப் போன்ற கட்டிடம். பிரேசில் பக்கத்தில், பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டல் இது ஒன்றுதான்.

ஓட்டலை நடத்துவது ஒரு பெரிய தனியார் நிறுவனம். ஆனால் அது குத்தகைதான். கட்டிடமும் நிலமும் அரசாங்கத்தின் சொத்து. எவ்வளவு பெரிய செல்வந்தர் வந்து தங்கினாலும், அருவியில் ஒரு சொட்டுக் கூட அவருக்குச் சொந்தம் ஆகாது.

அப்படியானால், கொடுக்கிற பணத்துக்கு என்னதான் கிடைக்கிறது?

மெத்தை கிடைக்கிறது. நல்ல சாப்பாடு கிடைக்கிறது. நீச்சல் குளம் உண்டு. ஆனால் இவை எல்லாம் எந்தப் பெரிய ஊரிலும் கிடைப்பவை. அவற்றுக்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

இங்கே விற்கப்படும் சரக்கு வேறு. அது நேரம்!

பூங்காவின் நுழைவாயில், அருவியில் இருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காலையில் கதவு திறந்த பிறகுதான் வெளியூர் மக்கள் டிக்கெட்டு வாங்கிப் பூங்கா பஸ்ஸில் வர முடியும். மாலையில் கதவு மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். 2019-ம் ஆண்டில் மட்டும் பிரேசில் பக்கத்துக்கு வந்தவர்கள் 20 லட்சம் பேர். பகல் வேளையில் கூட்டம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஓட்டலில் தங்குகிறவர்களோ ஏற்கெனவே கதவுக்கு உள்ளே இருக்கிறார்கள். முதல் பஸ் வருவதற்கு முந்தின காலையும், கடைசி பஸ் போனதற்குப் பிந்தின மாலையும் அவர்களுடையவை.

இருட்டில் வெள்ளை வானவில்

மாலை மயங்கும்போது ஒரு காட்சி. கரிய உழவாரக் குருவிகள் கூட்டம் கூட்டமாக வானத்தில் வட்டமிடும். பிறகு ஒவ்வொன்றாகத் தண்ணீரை நோக்கிப் பாயும். பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும். ஆனால் குருவிகளுக்கு ஒன்றும் ஆகாது. நீர்த்திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். அருவிக்குப் பின்னால் உள்ள பாறைச் சுவரில்தான் அவை கூடு கட்டியிருக்கின்றன. கொட்டும் தண்ணீரே அவற்றின் வீட்டுக்குக் கதவு! பருந்தும் பாம்பும் அங்கே எளிதில் எட்டிப் பார்க்க முடியாது.

பௌர்ணமி இரவு என்றால் கேட்கவே வேண்டாம். நிலவு வெளிச்சம் நீர்த்திவலையில் பட்டு, இரவிலும் வானவில் தோன்றும். ஆனால் கண்ணுக்கு ஏழு நிறம் தெரியாது. வெள்ளை வளையம் போலத்தான் தெரியும். நிலவின் ஒளி மிகவும் குறைவு. அந்த ஒளியில் நிறங்களைப் பிரித்துப் பார்க்க நம் கண்ணால் முடியாது. அதுதான் காரணம்.

இந்த இரண்டும்தான் ஓட்டல் பணத்துக்குக் கிடைக்கும் உண்மையான லாபம். இதை அறியாமல் வந்து, இரவு நெடுநேரம் விழித்திருந்து, காலை 9 மணி வரை தூங்கினால், கொடுத்த பணம் அத்தனையும் மெத்தைக்குப் போனதாகத்தான் அர்த்தம்!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எல்லா அறைகளில் இருந்தும் அருவி தெரியாது. பல அறைகள் தோட்டத்தையோ காட்டையோ பார்த்தபடி இருக்கின்றன. அருவி தெரியும் அறைக்கு வாடகை அதிகம். ஆனால், வாசலில் இருந்து சில அடி நடந்தால் அருவி. ஆகவே, அறைக்கு அதிகம் கொடுப்பதைவிட, அதிகாலையில் எழுந்து நடப்பது புத்திசாலித்தனம்.

பஸ்ஸில் வருபவருக்கு?

அவ்வளவு பணம் இல்லாதவர்கள் என்ன செய்வது? வருத்தப்பட வேண்டியதே இல்லை.

ஊரில் இருந்து டவுன் பஸ் பூங்கா வாசல் வரை வருகிறது. உள்ளே, ஓட்டலுக்கு எதிரில் தொடங்கும் நடைபாதை, மலைச்சரிவின் ஓரமாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஒவ்வொரு வளைவிலும் புதுப்புது அருவி. கடைசியில், ஆற்றின் மேலேயே கட்டப்பட்ட நடைபாலம். அதன் நுனியில் நின்றால் சாத்தானின் தொண்டைக்கு நேர் எதிரில் நிற்கலாம். இரண்டே நிமிடத்தில் உடம்பெல்லாம் நனைந்துவிடும். இதில் பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் கிடையாது!

கூட்டத்தில் சிக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. முதல் பஸ்ஸில் போக வேண்டும். அல்லது, மற்றவர்கள் திரும்பும் மாலை வேளையில் போக வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் வானவில் தெரியும்.

அருவிகளில் பெரும்பாலானவை அர்ஜென்டினா பக்கம் இருக்கின்றன. முழுக் காட்சியும் ஒரே பார்வையில் தெரிவது பிரேசில் பக்கத்தில். ஆகவே, இரண்டு நாள் கிடைத்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அர்ஜென்டினா பக்கத்தில் காட்டுக்குள்ளே சிறிய ரெயில் ஓடுகிறது. பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகளில், வெள்ளை வானவில்லைப் பார்ப்பதற்காகவே அங்கே பொதுமக்களை அழைத்துப் போகிறார்கள். அதற்கு ஓட்டல் அறை தேவை இல்லை. டிக்கெட்டு போதும்.

ஒரே ஓர் எச்சரிக்கை! அங்கே குவாட்டி என்று ஒரு பிராணி. பன்றி போல் நீண்ட மூக்கு; வளையம் வளையமாகக் கோடு போட்ட வால். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கையில் தின்பண்டம் இருந்தால் பறித்துக்கொண்டு ஓடிவிடும். நகத்தால் கீறும், கடிக்கும். குழந்தைகள் கையில் பிஸ்கட் பொட்டலம் கொடுக்கக் கூடாது. குவாட்டிக்குத் தீனி போடுவதும் அங்கே சட்டப்படி குற்றம்.

எது ஆடம்பரம்?

ஆக, அந்த ஓர் இரவுச் செலவு வீணா, நியாயமா?

கடன் வாங்கித் தங்கினால் அது வீண்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமை பேசத் தங்கினாலும் வீண்தான். சிறுகச் சிறுகச் சேர்த்து, வாழ்நாளில் ஒரு முறை, அந்த அதிகாலைக்காகவும் அந்த நிலவுக்காகவும் தங்கினால், அது வீண் அல்ல. நகை வாங்கினால் பெட்டியில் இருக்கும். இது கண்ணுக்குள் இருக்கும்.

ஆனால், ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. ஓட்டல்காரர் விற்பது இரண்டு மணி நேரத் தனிமையை. அருவியை அல்ல. அருவியை யாரும் விற்க முடியாதபடி 1916-ம் ஆண்டிலேயே ஒருவர் செய்துவிட்டுப் போய்விட்டார்.

அவரும் அருவியைப் பார்க்க வந்து தங்கிய விருந்தினர்தான். பார்த்தோம், ரசித்தோம் என்று அவர் போயிருக்கலாம். அவரிடம் பணம் இருந்தது; விரும்பியிருந்தால், அருவிக் கரையில் தனக்கென்று நிலம் கேட்டிருக்கலாம். அவரோ ஊருக்காகக் கேட்டார். 6 நாள் குதிரை மேல் உட்கார்ந்து போய்க் கேட்டார்.

1932-ம் ஆண்டு சான்டோஸ் டூமான்ட் காலமானார். ரோஜா நிற ஓட்டலை அவர் பார்க்கவில்லை. அதன் அறையில் ஓர் இரவுகூடத் தங்கவில்லை.

இன்று பூங்காவில் அவருக்கு வெண்கலச் சிலை நிற்கிறது. மாளிகையில் தங்கியவர்களும், டவுன் பஸ்ஸில் வந்தவர்களும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.